ரன்

டண்டீ நகரில், டே ஆற்றைப் பார்த்த ஜன்னலோரம்
இஷ்பெல் மன்கர் ஒரே சொல்லோடு
ஒன்பதாவது மாதத்தில் இருந்தாள்.
இந்நேரம் பிள்ளையே பெற்றிருக்கலாம் என்பான்
கணக்குப் பிரிவு ரோரி.
அவள் நிமிரவில்லை. நூற்று முப்பத்தோராவது பொருளுக்குப்
பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

ரன்.
அவர்கள் கணக்கில் மூன்று எழுத்து, நம் கணக்கில் இரண்டு.
அகராதிக்குள் நுழைகையில் காலோடுதான் வந்தது.
அப்புறம் காலைக் கழற்றி வைத்துவிட்டு
குழாயில் இறங்கிற்று, சலவையில் சாயமாய்க் கரைந்தது,
அவளுடைய காலுறையில் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை
ஒற்றை இழையாய்ப் பிரிந்தது.
ஜலதோஷக்காரன் மூக்கிலும் அதே சொல்.
நமக்கோ மூக்கென்றால் ஒழுகும், துணியென்றால் கிழியும்,
சாயம் போகும்.
விபத்துக்கு ஒரு வினை வைத்திருக்கும் பணக்காரர்கள் நாம்.
இவர்கள் ஒரே சட்டையைத்தான்
கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போடுகிறார்கள்.

பக்கத்து மேசையில் சீட்டுகளைத் தட்டச்சு செய்பவன் நான்.
"தேர்தலில் உங்கள் ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்?" என்றாள் ஒருநாள்.
நிற்பார்கள்.
"இங்கேயும் நிற்பதுதான்.
அட்லாண்டிக்கைத் தாண்டினால் ஓட ஆரம்பித்துவிடுகிறார்கள்."
ஜெயித்தபின் தொகுதியை விட்டு ஓடுவதை
எத்தனையாவது பொருளில் சேர்ப்பதென்று
தேநீர் ஆறும்வரை யோசித்தோம்.
அந்தத் தேநீருக்கும் பால் இல்லை.
பால் வெளியே ஓடிவிட்டதென்று அவர்கள் பாஷையில்
ரோரி அறிவித்தான்.
யாரோடு என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது எனக்கு.

நூற்று முப்பத்திரண்டு: குடும்பத்தில் ஓடுவது.

ஆறு சீட்டுகள் வந்திருந்தன.
செம்பட்டை முடி. பிடிவாதம். இரட்டைப் பிரசவம்.
சங்கீதக் காது. இன்னொரு பிடிவாதம்.
ஆறாவதை மூன்று வாரமாகக் குப்புறப் போட்டிருந்தாள்.
தம்பி ஸ்ட்ருவன் நாற்பத்தொரு வயதில்
துறைமுகக் காப்பிக் கடையில் கோப்பையைத் தவறவிட்டான்.
அவன் கை அவன் சொல்லைக் கேட்கவில்லை.
அதற்கு முன் கிரேன் ஓட்டிய அப்பா.
அப்பாவுக்கு முன் யாரோ ஒரு அத்தை,
அவளைக் குடிகாரி என்றே புதைத்தார்கள்.
இஷ்பெல் ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.
முடிவைக் கேட்க வரச்சொன்ன கடிதம்
மேசையின் கீழறையில்.
இருமுறை தேதி மாற்றியாகிவிட்டது.

"இதற்கு உங்களிடம் என்ன?"
ரத்தத்தில் ஓடுது என்போம், என்றேன்.
அத்தனை மாதத்தில் முதல்தடவையாக
இரண்டு மொழியும் ஒரே காலில் ஓடின,
அதுவும் இந்த இடத்தில்.
"அப்படியானால் ஓடுவது அது," என்றாள்.
"நாங்கள் வெறும் ரோடு."
அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

தலைமுறைதோறும் காணப்படு, என்று எழுதியிருந்தாள்.
'தோறும்' ரப்பரில் போனது.
தாள் தேய்ந்த அந்த இடத்தில்
'சிலரிடம்' வந்து உட்கார்ந்தது.
தலைமைப் பதிப்பாசிரியர் ஓரத்தில் குறித்தார்:
இது திருத்தமா, ஆசையா?
அவள் பதில் எழுதினாள்: இரண்டுக்கும் ஆதாரம் உண்டு,
சீட்டுகளைப் பார்க்கவும்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்குக்
கோட்டை ஒரு கையில் மட்டும் மாட்டிக்கொண்டு போனாள்.
ஜன்னலுக்குக் கீழே பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது.
தெருவின் குறுக்கே இஷ்பெல் ஓடினாள்,
அவளே பென்சிலால் எழுதிய முதல் பொருள்:
நடையினும் விரைந்து செல்,
ஒவ்வொரு எட்டிலும் ஒரு கணம்
இரு பாதமும் தரையில் படாமல்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும்.
பஸ் நின்றது.

அந்தச் சொல் அடுத்த எழுத்தில் வருகிறது.
நாங்கள் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை.